புளியமரத்துக் கிணற்றின் சிவப்புக் கோடு

வந்திருந்தவர்கள்: நான், எங்கள் தலைமையாசிரியர், பத்தாம் வகுப்பு 'சி' பிரிவின் பேச்சியம்மாள், அழகர்சாமி, அவர்களோடு இன்னும் ஆறு பிள்ளைகள்.

வராதவர்: பேச்சியின் அப்பா.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியின் பிரார்த்தனைக் கூடம். அறிவியல் கண்காட்சி. தை மாதக் காலை. தரையைக் கழுவிவிட்டு யாரோ சரியாகத் துடைக்காமல் போயிருந்தார்கள். பிள்ளைகளின் ஈரக் கால்தடம் எங்கள் மேஜை வரைக்கும் வந்திருந்தது. பசைக்கு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருந்தோம். அந்த வாடை என் விரலில் இருந்தது.

பேச்சியின் அப்பா எங்களோடுதான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், "நீங்க போய்க்கிட்டு இருங்க சார். ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டு வாரேன்" என்று பிரிந்து போனார். கையில் மஞ்சள் பை. என்ன சோலி என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுவதும் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டிய பீரோ

சென்ற வாரம் இந்தத் தொடரில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை வாசித்துவிட்டு ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: "பாடம் நடத்தினால் போதாதா, எதற்கு ஊரெல்லாம் அளக்கப் போனீர்கள்?"

நியாயமான கேள்வி. என் அப்பா பஞ்சாலையில் பொதி தூக்கியவர். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் படித்தவனுக்குப் பத்து வருடப் பள்ளிக்கூடத்தில் ஒரு தராசைக்கூடத் தொடக் கிடைக்கவில்லை. கண்ணாடி பீரோவுக்குள் தராசு, காந்தம், வெப்பமானி எல்லாம் இருந்தன. சாவி யாரிடமோ இருந்தது. பீரோவின் கண்ணாடியில் என் முகம்தான் தெரியும்.

பி.எட். படிக்கும்போது 'செயல்திட்ட முறை' என்று ஒரு பாடம். மாணவர் தாமே ஒரு சிக்கலை எடுத்து, தாமே அளந்து, தாமே முடிவுக்கு வரவேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகவேண்டும். மற்றவர்கள் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தார்கள். நான் நம்பினேன்.

நம்பிக்கையோடு வந்து நின்ற இடம் பத்தாம் வகுப்பு 'சி'. பாதிப் பேர் காலையில் தறிக்கு நூல் சுற்றிவிட்டு வருகிறவர்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். மூன்றாவது பீரியடில் கடைசி இரண்டு பெஞ்சும் தூங்கிவிடும். எழுப்புவதற்கு எனக்கு மனம் வராது.

யார் கை நீளம்

அந்த வருடம் ஐப்பசி வந்தும் மழை வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற காலம். ஒரு நாள் வகுப்பில் கேட்டேன்: "உங்க தெருக் கெணத்துல தண்ணி எம்புட்டு ஆழத்துல கெடக்கு?"

தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஏழு பாகம் சார்."

"எங்க கெணறு ஒம்போது."

"அடப் போல, நேத்து எங்க அம்மா இறைக்கும்போது எண்ணுனேன், பதினொண்ணு."

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி வருகிற நீளம். கிணறு வெட்டுகிறவர், கயிறு திரிக்கிறவர், எல்லோருக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் கணக்கு. பள்ளியில் இருந்த ஒரே அளவு நாடா பாதியில் அறுந்து கிடந்தது. அது அறுந்திருந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மீட்டர் என்றதும் மறுபடி தூங்கப் போகிற பிள்ளைகள், பாகம் என்றால் விழித்திருக்கிறார்கள். தெரிந்ததிலிருந்து தொடங்கு!

எட்டுக் கிணறு தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமைதோறும் கயிற்றில் கல்லைக் கட்டி, தண்ணீரைத் தொடும்வரை விட்டு, கைப்பிடிச் சுவரோடு கயிற்றைப் பிடித்து, மேலே இழுத்துக் கையை விரித்து விரித்து அளக்கவேண்டும். நோட்டில் எழுதவேண்டும். ஒரு பாகத்துக்கு ஆறடி என்று நான் பெருக்கி வரைபடத்தில் ஏற்றுவேன்.

மூன்றே வாரத்தில் வகுப்பு வேறாகிவிட்டது. தசமம் வராத பையன் 'ஒம்போதே கால்' என்று சண்டை போட்டான். பள்ளிக்கு வராமல் இருந்த இரண்டு பேர் சனிக்கிழமைக்கென்றே வந்தார்கள்.

இவர்களில் பேச்சியம்மாள்தான் முன்னால் நின்றவள். வகுப்பிலேயே குட்டையான பெண். குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். செட்டியார்பட்டி போகிற வழியில், ஆளில்லாத ஒன்றரை ஏக்கர் புஞ்சையில் இருந்த புளியமரத்துக் கிணறு அவள் பங்கு. சொந்தக்காரர் வெளியூரில். நாலு வருடமாக அதில் யாரும் இறைக்கவில்லை.

அரைப் பரீட்சை முடிந்ததும் நான் குழுக்களை மாற்றினேன். எல்லோரும் எல்லாத் தெருவையும் பார்க்கவேண்டும், ஒரே கிணற்றோடு ஒருவர் நிற்கக்கூடாது என்பது என் எண்ணம். அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான். புளியமரத்துக் கிணறு அழகர்சாமிக்குப் போனது. பத்தாம் வகுப்பிலேயே என்னைவிட உயரம் அவன்.

கிணற்றைப் பிரிய பேச்சிக்கு மனமில்லை.

"ஏலே அழகரு, ஒங் கை நீளத்துக்கு ரெண்டு விரி விரிச்சா கெணறே முடிஞ்சிரும்லே."

"போட்டீ குட்டச்சி. நீ அளந்தா கெணறு பாதாளத்துக்குப் போயிரும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சொன்னது கேலி இல்லை, கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு.

பட்டாளத்தார்

பேச்சியின் அப்பாவைத் தெருவில் பட்டாளத்தார் என்பார்கள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மீசைக்கு மட்டும் இன்னும் ஓய்வு இல்லை. காலை ஐந்தரைக்குச் சவரம், ஆறு மணிக்கு வானொலி.

ஓய்வு பெறும்போது மொத்தமாக வந்த பணம் அவரிடம் இருந்தது. முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை என்ன செய்வது என்பதுதான் அந்த வீட்டில் தினசரிப் பேச்சு. பேச்சியின் அம்மாவுக்குத் தபாலாபீசில் மகள் பேரில் போடவேண்டும். பிளஸ் டூ, அதற்குப் பிறகு நர்சு படிப்பு, விடுதிச் செலவு. பேச்சிக்கும் அதுதான் ஆசை. பட்டாளத்தாருக்கு நிலம். "வெள்ளாமை வந்தா அவ நர்சும் படிப்பா, டாக்டரும் படிப்பா. தபாலாபீசு ரூவா குட்டியா போடும்?" என்பார்.

பொங்கல் கழிந்து ஒரு மாலை அவர் பள்ளிக்கு வந்தார். வரைபடம் சுவரில் இருந்தது. எட்டுக் கிணற்றுக்கு எட்டு நிறம். ஏழு கோடுகள் கீழே இறங்கின. சிவப்பு மட்டும் தை மாதத்தில் மேலே ஏறியது. பத்துப் பாகத்திலிருந்து எட்டரைக்கு. அடிக்கணக்கில், அறுபதிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு.

பேச்சிதான் அப்பாவுக்கு விளக்கினாள். குச்சியால் தொட்டுத் தொட்டு, என்னைப் போலவே ஏற்ற இறக்கத்தோடு.

"இந்தா, இது நம்ம தெரு. எறங்குது பாருங்க. இது காளியம்மன் கோயில். இதுவும் எறங்குது. இது மட்டும் ஏறுது. புது ஊத்து கண்டிருக்கும்ப்பா."

பட்டாளத்தார் கிட்டே போய் மூக்கு முட்டப் பார்த்தார். ராணுவத்தில் வரைபடத்தை நம்பித்தான் நடந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எண்களை எழுதிக்கொண்டார்.

"சார், இது சரியா இருக்குமா?"

"பிள்ளைங்களே அளந்தது. வாராவாரம் அளந்திருக்காங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்தப் புஞ்சை விலைக்கு வருகிறது என்றார். ஊரில் ஆளாளுக்கு அது வறட்டுக் கிணறு என்கிறார்களாம். "அவிய வாய்க்கு வந்ததச் சொல்லுதாவ. இது காயிதத்துல இருக்கே!"

ஞாயிற்றுக்கிழமை

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மதியம், வரைபடத்தைச் சுருட்டத் தயாரானோம். இரண்டு தாளைப் பக்கவாட்டில் ஒட்டிய பெரிய படம்.

"பேச்சி, ரெண்டு ஓரத்தையும் பிடி."

பிடிக்க முடியவில்லை. கையை முழுதாக விரித்தும் ஒரு ஓரம் நழுவிக்கொண்டே இருந்தது. "தள்ளுட்டீ" என்று அழகர்சாமி வாங்கி, முழங்கை மடங்கியபடியே இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அரைப் பரீட்சைக்குப் பிறகு இருவரும் சொன்ன கேலி எனக்கு நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இவர்கள் இருவரை மட்டும் கரும்பலகையில் கையை விரித்து நிற்கச் சொல்லிச் சாக்பீசால் குறித்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. மர அளவுகோலால் அளந்தேன். அழகர்சாமி ஐந்தடி எட்டு அங்குலம். பேச்சி நாலடி எட்டு அங்குலம். ஒரு பாகத்துக்கு ஒரு அடி வித்தியாசம்.

மற்ற ஏழு கிணற்றில் கை மாறியவர்கள் ஏறக்குறைய ஒரே உயரம். அங்கே தப்பு தெரியாமல் கரைந்துவிட்டது. இந்த ஒரு கிணற்றில்தான் வகுப்பின் ஆகக் குட்டையான கையிலிருந்து ஆக நீளமான கைக்கு மாறியிருந்தது.

ஞாயிறு காலை ஒரு கொத்தனாரிடம் ஐம்பதடி நாடா இரவல் வாங்கி, சைக்கிளில் புளியமரத்துக் கிணற்றுக்குப் போனேன். கிணற்றுக்குள்ளிருந்து புறா ஒன்று படபடத்துப் பறந்தது. நாடாவின் நுனியில் கட்டிய கல் தண்ணீரைத் தொட்டபோது நாற்பத்தெட்டு அடிக்கு மேல் காட்டியது. பேச்சி மார்கழியில் அளந்த பத்துப் பாகம் உண்மையில் நாற்பத்தேழு அடிகூட இல்லை.

தண்ணீர் ஏறவில்லை. ஒன்றரை அடி இறங்கியிருந்தது.

திரும்பும் வழி பட்டாளத்தாரின் தெரு. வாசலில் நாற்காலி போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் நுரை.

"என்ன சார், காலங்காத்தால இந்தப் பக்கம்?"

"சும்மாதான்."

"எறங்குங்க, செத்த நேரம் இருந்து காப்பி குடிச்சிட்டுப் போவீய."

"இன்னொரு நாள் வாரேன்" என்று மிதித்துவிட்டேன்.

மறுநாள் கண்காட்சி. மாவட்டக் கல்வி அலுவலர் வருகிறார். தலைமையாசிரியர் இரண்டு வாரமாக அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள். 'சி' பிரிவிலிருந்து பள்ளிக்காக யாரும் எங்கேயும் போனதில்லை. அதுவரை எழுந்து நிற்கச் சொன்னாலே வெளியே போகச் சொல்கிறேன் என்று நினைத்தவர்கள், சட்டைக்கு நீலம் போட்டுக் காத்திருந்தார்கள். திங்கள் முடியட்டும், செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். நிலம் என்ன ஓடியா போகும்?

பிள்ளைகளுக்காக என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அதை அப்படியே எழுத முடியவில்லை. பாதி எனக்காக.

மறுபடி அந்தக் கூடம்

அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். எங்கள் மேஜையில் நின்றார். விரலை நேராகச் சிவப்புக் கோட்டில் வைத்தார்.

"இது மட்டும் ஏன் ஏறுது?"

"புது ஊத்து கண்டிருக்கும்னு நெனைக்கோம் சார்" என்றாள் பேச்சி. பயமே இல்லாத குரல்.

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் கொள்ளலாம், சும்மா என்றும் கொள்ளலாம், அப்படி ஒரு தலையாட்டல்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. மைக்கில் பேர் சொன்னபோது அழகர்சாமி கைதட்டிய சத்தம் மற்றவர் எல்லோரையும் மீறிக் கேட்டது.

அப்போதுதான் பட்டாளத்தார் வந்தார். வேர்த்திருந்தது. மஞ்சள் பையிலிருந்து பால்கோவாப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

"மொதல்ல சாருக்கு. ரெண்டு சந்தோசம் சார் இன்னைக்கு. மக பரிசு வாங்கிட்டா. நானும் பத்திரம் முடிச்சிட்டேன்."

"என்ன பத்திரம்?"

"அந்தப் புஞ்சதான். வேற ஒரு ஆளு கூடுதலுக்குக் கேக்கான்னு நேத்துச் சாயங்காலம் ஆள்விட்டாவ. இன்னைக்கே ரெஜிஸ்டர் பண்ணிருவோம்னுட்டேன். ஒங்க படத்த நம்பித்தான் சார். திங்க, திங்க."

பேச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இனிமே அது எங்க கெணறு சார்!"

நான் தின்றேன். முழு உருண்டையும் தின்றேன். தலைமையாசிரியர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமையும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தக் கிழமையிலும் சொல்லவில்லை. பத்திரம் முடிந்துவிட்டது, ஒருவேளை தண்ணீர் இருக்கவும் கூடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இயற்பியல் படித்தவன் ஊற்றுக் கண்ணுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரை

மாசியில் கிணற்றில் தண்ணீர் இன்னும் இறங்கியது. ஊற்று பக்கத்தில்தான் இருக்கும், தட்டினால் வந்துவிடும் என்று பட்டாளத்தார் ஆழப்படுத்த ஆள் வைத்தார். பங்குனியில் பாறை. வெடி வைத்தார்கள். வெடிச் சத்தம் பள்ளியில் கேட்கும். கரும்பலகையில் எழுதுகிற கை ஒவ்வொரு தடவையும் நின்று போகும். பேச்சி தலையைத் தூக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.

பொதுத்தேர்வு முடிந்து, சித்திரை வெயிலில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நிற்கவைத்தே பேசுவார்கள் என்று நினைத்தேன். நாற்காலி போட்டார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பேச்சியின் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். பேச்சி உள்ளே தரையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாலடி எட்டு அங்குலம், ஐந்தடி எட்டு அங்குலம், ஆறடி என்று நான் பெருக்கியது, கொத்தனாரின் நாடா.

பட்டாளத்தார் அந்தச் சின்ன நோட்டை எடுத்து எண்களைப் பார்த்தார்.

"அப்ப, அன்னைக்கு ஞாயித்துக்கெழம சைக்கிள்ல போனீயளே, அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

உள்ளே நூல் சுற்றுகிற சத்தம் நின்றது.

"தெரியாம செஞ்சிருந்தா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

மாதம் முந்நூறு ரூபாய் தந்துவிடுகிறேன் என்றேன். வீட்டுக்குக் கொடுத்தது போக என் சம்பளத்தில் அவ்வளவுதான் மிச்சம்.

"நெலம், பத்திரம், வெட்டுக்கூலி, வெடி எல்லாம் சேத்து இருபத்தேழாயிரம் ஆயிருக்கு. இப்ப வித்தா கல்லு வெலைக்குக்கூடக் கேக்க ஆளில்ல. முந்நூறு முந்நூறாத் தந்தா எம்புட்டு நாளாகும்?"

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து பேச்சி சொல்லிவிட்டாள்.

"தொண்ணூறு மாசம். ஏழர வருசம்."

பட்டாளத்தார் சிரித்தார். "பாத்தீயளா சார், எப்படிக் கூட்டுனாலும் ஏழரையாவுல்லா வருது."

வேறு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் முந்நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். பெற மறுத்துவிட்டதாகத் திரும்பி வந்தது. அதற்கடுத்த மாதமும் அனுப்பினேன். அதுவும் வந்தது. தேர்வு முடிவு வந்தபோது பேச்சி எங்கள் பள்ளியில் இரண்டாவது. அறிவியலில் முதல். நர்சு படிப்பு வேண்டாம், பிளஸ் ஒன்னில் மட்டுமாவது சேர்த்துவிடுங்கள் என்று தலைமையாசிரியரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். கீழே இரண்டு தம்பிகள் இருந்தார்கள். பென்சன் பணம் அரிசிக்கே சரியாக இருந்தது. ஆனி மாதம் அவள் பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நான் அடுத்த வருடமும் செயல்திட்டம் நடத்தினேன், புது நாடா வாங்கி. பிள்ளைகள் அதையும் விழித்திருந்து செய்தார்கள். அதைச் சொன்னால் நல்ல கட்டுரையாக இருக்கும். இது அந்தக் கட்டுரை இல்லை.

அந்த வீட்டுக்கு என் பாடம் வைத்த செலவு இருபத்தேழாயிரம் ரூபாய். பேச்சியின் பதினொன்றாம் வகுப்பு ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஒன்று, அதற்கு மேலே அவள் படித்திருக்கக்கூடிய மூன்று வருடம்.